பிறந்தநாளும் ரத்ததானமும்

தலைவர்கள் பிறந்தநாள் என்றால் நம் தருமபுரி மாவட்டத்தில் ரத்ததான முகாம்களுக்குக் குறைவிருக்காது. நல்ல காரியம்தான். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் கை நீட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு.

ரத்தம் அடுக்கி வைக்கும் நெல் மூட்டை அல்ல. குளிரில் வைத்தாலும் சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள்தான் தாங்கும். தட்டணுக்களுக்கு ஆயுள் 5 நாள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்வதும், பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் போவதும் நாள் பார்த்தா நடக்கிறது?

இருப்பு இல்லாத நேரத்தில் உறவினர்கள்தான் ஆள் தேடி ஓடுகிறார்கள். உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பால் காசுக்கு ரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது. ஆனாலும் அவசரத்தில் பிடித்து வரப்படுபவர் தன் நோயை மறைக்கக்கூடும். தானாக வருபவருக்கு அந்த நெருக்கடி இல்லை.

18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் ஹீமோகுளோபின் 12.5ம் இருந்தால் போதும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். எடுப்பது எடையைப் பொறுத்து 350 அல்லது 450 மில்லிதான். 65ஐத் தாண்டிய நாம் கொடுக்க முடியாது, பிள்ளைகளிடம் சொல்லலாமே.

என் யோசனை இதுதான்: அவரவர் பிறந்தநாளில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போகட்டும். ஊரில் எல்லோரும் ஒரே நாளில் பிறக்கவில்லையே!