ஜாம்பி வந்தால் யார் யாரை வண்டியில் ஏற்றுவது?

பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தீவிரமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். வீட்டுப்பாடம் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். உலகம் பூரா ஜாம்பி வந்துட்டா, ஒரு வண்டியில் ஏறித் தப்பிக்கிறதுக்கு யார் யாரைச் சேர்த்துக்கொள்வது என்று பட்டியல். செத்த மனுசன் எழுந்து வந்து உயிரோடு இருப்பவனைக் கடிப்பானாம், அதுதான் ஜாம்பி. துப்பாக்கி சுடுபவன் ரெண்டு பேர், டிரைவர் ஒருத்தன், டாக்டர் ஒருத்தர், கம்ப்யூட்டர் தெரிந்தவன் ஒருத்தன்.

“தாத்தா, உங்களச் சேக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறேன். உங்களால ஓட முடியாது.”

“சரிப்பா. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?”

“சூப்பர் மார்க்கெட்ட உடைச்சி எடுத்துக்குவோம்.”

“அது தீந்துட்டா?”

பையன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பயல் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை, தோழர்களே. நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இன்னும் கேட்காமல் இருக்கிறோம்.

இதைப் பெரியவர்களும் யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நோய்த் தடுப்புக்கென்று இருக்கும் மத்திய அரசு அமைப்பு, 2011 மே மாதம், ஜாம்பி வந்தால் என்ன செய்யலாம் என்று மக்களுக்கு ஒரு கையேடு போட்டது. அவர்களுக்குப் பைத்தியம் இல்லை. புயலுக்குத் தயாராகுங்கள் என்றால் எவனும் படிப்பதில்லை, ஜாம்பி என்றால் எல்லோரும் படிக்கிறான். தண்ணீர், கெடாத உணவு, மருந்து, கருவி, முக்கியமான காகிதங்கள், குடும்பம் சிதறிப்போனால் கூடுவதற்கு ஒரு இடம். ஜாம்பிக்குத் தயாராக இருப்பவன் புயலுக்கும் தயாராக இருப்பான் என்பதுதான் கணக்கு.

நமக்கு ஜாம்பி தேவையில்லை. நம்மிடம் கஜா இருக்கிறது.

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் 140 தென்னை நின்றது. விடிந்து பார்த்தபோது நின்றவை 11. ஒரு ராத்திரியில் முப்பது வருச உழைப்பு படுத்துவிட்டது. இதை நான் அழுவதற்காக எழுதவில்லை. அழுது முடித்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. அதற்கடுத்த பத்து நாளில் என்ன நடந்தது என்பதைத்தான் பேச வேண்டும்.

முகாம்களுக்கு மக்களை முன்கூட்டியே அழைத்துப் போனதால் பல உயிர் தப்பியது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் வெளியே வர வழியில்லை. தெருவுக்குத் தெரு மரம் விழுந்து கிடந்தது. ஊரில் மரம் அறுக்கும் மெஷின் ஒன்றே ஒன்று. அதற்கும் பெட்ரோல் இல்லை. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டதால் கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. செல்போன் டவரும் போய்விட்டது. நிலத்துக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, குடிக்க ஒரு சொட்டு இல்லை.

மூன்றாம் நாளிலிருந்து லாரிகள் வர ஆரம்பித்தன. எங்கெங்கிருந்தோ நல்ல மனதோடு அனுப்பினார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வந்த லாரிகள் மெயின் ரோட்டிலேயே காலியாகின. உள்ளே நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊர்களுக்குப் போகவில்லை. வந்ததில் பாதி பழைய துணி. அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு ஜெனரேட்டர், ஒரு மரம் அறுக்கும் மெஷின், அதை ஓட்டத் தெரிந்த ரெண்டு பேர். இந்த மூன்றும் இருந்திருந்தால் வழி திறந்திருக்கும், தண்ணீர் ஏறியிருக்கும், மீதியை நாங்களே பார்த்திருப்போம்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். நம் இயக்கத்தில் ஒவ்வொரு வட்டாரமும் பத்துப் பேர் கொண்ட ஒரு நகரும் குழுவை வைத்திருக்க வேண்டும். ‘நகரும்’ என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். புயல் அடித்த ஊர்க்காரன் அன்றைக்குத் தன் கூரையைத் தேடுவான், மாட்டைத் தேடுவான், அம்மாவைத் தேடுவான். அவனைத் தொண்டுக்குக் கூப்பிட முடியாது. வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பண்ருட்டி முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது எங்கள் தென்னை நின்றது. 2017-இல் ஒக்கி கன்னியாகுமரி வாழையையும் ரப்பரையும் முறித்தபோதும் நின்றது. எங்கள் தென்னை சாய்ந்தபோது ஈரோட்டுத் தோட்டத்தில் மஞ்சள் நன்றாக இருந்தது. ஒரே நேரத்தில் எல்லா மாவட்டமும் படுப்பதில்லை. அதனால் கடலோர வட்டாரம் ஒன்றுக்கு மேட்டு நில வட்டாரம் ஒன்றை இப்போதே இணைத்து வைப்போம். சம்பந்தி வீடு மாதிரி. வருசத்துக்கு ஒருமுறை இவர்கள் அங்கே போக, அவர்கள் இங்கே வர இருந்தால், ஆபத்து நாளில் வழி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

“இதெல்லாம் அரசாங்க வேலை, நமக்கெதுக்கு?” என்று கேட்பீர்கள். அரசாங்க வேலைதான். தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்தில் இருக்கிறது, திறமையான பிள்ளைகள். அவர்கள் வந்து உயிரைக் காப்பாற்றுவார்கள். விழுந்த தென்னையில் எதைத் தூக்கி நிறுத்தலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று அவர்களிடம் கேட்க முடியாது. மடி கிழிந்த மாட்டை யார் பார்ப்பது? அது உழவனுக்குத் தெரிந்த வேலை. அரசாங்கம் அதன் வேலையைச் செய்யட்டும், அதைக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான். கூடவே இதையும் செய்வோம்.

சரி, பத்துப் பேர் யார்? பேரன் பட்டியலை நான் இப்படித் திருத்தினேன்.

மரம் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர் ரெண்டு பேர். வீரத்துக்கு இங்கே இடமில்லை. விழுந்த மரம் வளைந்து முறுக்கேறிக் கிடக்கும், தப்பான பக்கம் அறுத்தால் எகிறி அடிக்கும். பழகியவர்தான் தொட வேண்டும். மரம் ஏறத் தெரிந்தவர் ஒருவர். மோட்டார் மெக்கானிக் ஒருவர், வயர்மேன் ஒருவர். ஜெனரேட்டரை மோட்டாருக்குக் கொடுக்கும் முன் மெயினைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதை மறக்காத வயர்மேன். மறந்தால் கரண்ட் திரும்பி லைனில் ஏறும், எங்கோ கம்பத்தில் வேலை செய்யும் மின்வாரியப் பிள்ளை செத்துப்போவான். டிரைவர் ஒருவர். மாட்டு வைத்தியம் தெரிந்தவர் ஒருவர். நூறு பேருக்கு ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சத் தெரிந்த அக்கா ஒருவர். கிராமத்து நர்ஸ் வேலை பார்த்த, அல்லது முதலுதவி படித்த பெண் ஒருவர். பெண்கள் ரெண்டு பேராவது கட்டாயம் வேண்டும். முகாமில் இருக்கும் பெண்பிள்ளை தனக்கு என்ன தேவை என்று ஆம்பிளையிடம் வாய் திறந்து கேட்க மாட்டாள்.

பத்தாவது ஆள்தான் எல்லோரும் மறந்துவிடும் ஆள்: எழுதுபவர். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். வழியை அடைத்த மரங்களை அவசரத்தில் அறுத்துப் போட்டோம். பிறகு கணக்கெடுக்க வந்தவர்கள் “மரம் எங்கே?” என்றார்கள். ஒரு தென்னைக்கு வெட்டுக்கூலியும் சேர்த்து 1,100 ரூபாய்தான் அறிவித்திருந்தார்கள். அதுவே கண்ணீர்க் காசு. அதுவும் பலருக்கு இல்லாமல் போனது. குத்தகைக்காரர் நிலைமை இன்னும் மோசம். பட்டா வேறொருவர் பெயரில், நட்டம் இவர் தலையில். ஆகவே எழுதுபவர் முதலில் நடந்து போக வேண்டும். அறுப்பதற்கு முன் போட்டோ. மரத்தின் எண்ணிக்கை, சர்வே நம்பர், உழுபவர் பெயர், நிலத்துக்காரர் பெயர், பக்கத்து வயல்காரர் ரெண்டு பேர் கையெழுத்து. ஒரு நோட்டு, ஒரு பேனா. இது பத்து மூட்டை அரிசிக்குச் சமம்.

வண்டிக்குக் குட்டியானை ஒன்று போதும், முன்னால் வழி பார்க்க பைக் ரெண்டு. பெரிய லாரி உள்ரோட்டில் திரும்பாது. ஏற்ற வேண்டியவை: மரம் அறுக்கும் மெஷின் ரெண்டு, உபரிச் சங்கிலி, பெட்ரோல், ஜெனரேட்டர், வடக்கயிறு, கடப்பாரை, கோடாரி, அரிவாள், தார்ப்பாய், பெரிய அண்டா, பிளீச்சிங் பவுடர், சர்க்கரை, உப்பு. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும், கூடினால் கெடுதல். வெள்ளத்துக்குப் பிறகு ஊரைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்தப் போக்குதான். தேற்றான்கொட்டை உரசினால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. தெளிந்தாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

அப்புறம் விதை. பேரன் நோட்டில் இல்லாதது இதுதான், நம்மைத் தவிர எந்த நிவாரணக்காரரும் ஏற்றாததும் இதுதான். வீட்டோடு சேர்ந்து விதைக்கோட்டையும் நனைந்துவிடும். சிறுகீரை, அரைக்கீரை தூவினால் 25, 30 நாளில் தட்டுக்கு வரும். உளுந்து எழுபது நாள் சுமார். கடல்நீர் ஏறிய வயலுக்குத் தக்கைப்பூண்டு: நல்ல தண்ணீர் கட்டி உப்பை வடித்து, விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உப்பேறிய நிலத்தை நம்மாழ்வார் அய்யாவும் அவரோடு நின்ற உழவர்களும் இப்படித்தான் மீட்டார்கள். உப்பு தாங்கும் குழியடிச்சான் நெல் அன்றைக்கு எவர் வீட்டிலோ குதிரில் இருந்ததால்தானே கைக்குக் கிடைத்தது? ஆகவே கடலோரத்தார் தங்கள் விதையில் ஒரு பங்கைச் சம்பந்தி வட்டாரத்தில் கொடுத்து வையுங்கள். விதை ஒரே கூரைக்குக் கீழே இருப்பது ஆபத்து.

வேலை பத்து நாளில் முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். விழுந்த தென்னந்தண்டு மட்க ஆரம்பித்தால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். புயலில் தப்பித்த மரத்தையும் பிறகு அது தின்னும். சாய்ந்த இளங்கன்றுகளைச் சீக்கிரம் நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, வேருக்கு மண் அணைத்தால் பல பிழைக்கும். தாமதித்தால் வேர் காய்ந்துவிடும். குழு முதல் வாரம் ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை என்று ரெண்டு தடவை போக வேண்டும். கேமரா எல்லாம் போன பிறகு போவதுதான் முக்கியம்.

ரெண்டே ரெண்டு விதி வைப்போம். ஒன்று, ஊரின் கடைசித் தெருவிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். நம் ஊர்களில் கடைசித் தெரு எது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புயல் சாதி பார்க்காமல் அடித்தது. வந்த அரிசி சாதி பார்த்துத்தான் போனது. கஜாவில் என் கண்ணால் பார்த்தேன், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன். அந்த வெட்கம் தென்னை போன துக்கத்தைவிட அதிக நாள் நிற்கிறது. குழு மெயின் ரோட்டில் நிற்காமல் நேரே காலனிக்குப் போய், அங்கிருந்து முன்னோக்கி வரட்டும். ரெண்டு, வாங்குபவர் முகத்தைப் போட்டோ எடுக்கக் கூடாது. மரத்தை எடு, மனுசனை எடுக்காதே.

செலவு ஆகும். மெஷினும் ஜெனரேட்டரும் சும்மா கிடக்க வேண்டியதில்லை. வருசம் பூரா வட்டாரத்தில் வாடகைக்கு ஓடட்டும், அந்தக் காசில் பராமரிப்பு நடக்கும். ஓடாத மெஷின் ஆபத்து நாளில் ஸ்டார்ட் ஆகாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆவணி முடிவதற்குள் பத்துப் பேரின் பெயர் நோட்டில் இருக்க வேண்டும், புரட்டாசியில் ஒரு நாள் எல்லோரும் கூடி ஒத்திகை பார்க்க வேண்டும். அடுத்த வட்டாரக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பேசிவிட்டுக் கலையாமல் பெயரை எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

பேரனிடம் திருத்திய பட்டியலைக் காட்டினேன். துப்பாக்கிக்காரன் இல்லை என்று அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு கேட்டான், “இதுல நீங்க யாரு தாத்தா?”

எழுதுபவர் என்றேன். நடந்துவிடுவேன், அதற்கு ஓட வேண்டியதில்லை.