குட்டிப் பாம்பின் வயிறும் நம் பொறுமையும்

முதன்முறையாகக் குட்டிப் பாம்பு வளர்ப்பவருக்கு வரும் கவலைகளில் பெரியது இது: "சாப்பிட்டு ஒரு வாரமாகிறது, இன்னும் கழிவு போகவில்லையே, வயிற்றில் கோளாறா?" அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் கார்ன் ஸ்நேக், பால் பைத்தான் இரண்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அக்கறையால் எழும் கவலைதான். ஆனால் அந்தக் கவலையில் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்களே குட்டிக்கு அதிகத் தொல்லை தருகின்றன. தினமும் வேளை தவறாமல் உண்டு கழிக்கும் உயிர்களோடுதான் நமக்குப் பழக்கம். பாம்பின் உடல் அந்தக் கணக்கில் இயங்குவதில்லை.

பாம்பு இரையை மெல்லாது, முழுதாக விழுங்கும். வயிற்று அமிலம் எலும்பு உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் கரைத்துவிடும். முடியும் நகமும்தான் கரையாமல் வெளியேறும். அடிக்கடி உண்ணும் நமக்குச் செரிமான உறுப்புகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. நீண்ட இடைவெளி விட்டு உண்ணும் மலைப்பாம்புக்கு அப்படியல்ல. ஸ்டீபன் செகோரும் ஜாரெட் டயமண்டும் பர்மிய மலைப்பாம்பை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பட்டினி நாட்களில் அதன் குடல் சுருங்கிக் கிடக்கிறது. வயிற்றில் அமிலம் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இரை உள்ளே போன ஓரிரு நாட்களில் குடலின் எடை இரு மடங்கை நெருங்குகிறது. இரை உண்ட 48 மணி நேரத்துக்குள் இதயத்தின் கீழறைத் தசை 40 சதவீதம் வரை பெருப்பதாக 2005இல் இன்னோர் ஆய்வுக்குழு கண்டறிந்தது. எல்லாப் பாம்பிலும் மாற்றம் இந்த அளவுக்கு இருப்பதில்லை. ஆனாலும் ஒரு வேளை இரையைச் செரிப்பது பாம்புக்குப் பல நாள் உழைப்பு என்பது உறுதி.

அந்த உழைப்புக்கு வேண்டிய வெப்பத்தைப் பாம்பு வெளியிலிருந்துதான் பெற வேண்டும். அதனால் வளர்க்கும் பெட்டியின் ஒரு கோடி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்: கார்ன் ஸ்நேக்குக்குச் சுமார் 30 டிகிரி செல்சியஸ், பால் பைத்தானுக்குச் சுமார் 32. மறுகோடி சில டிகிரி குறைவாக இருந்தால், வேண்டும்போது பாம்பு இடம் மாறிக்கொள்ளும். வெப்பம் போதாவிட்டால் செரிமானம் மந்தமாகும். இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கி, குட்டி அதைக் கக்கிவிடவும் கூடும். கழிவு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானியைத்தான்.

இனி கழிவு. பாம்புக்கு மலம், சிறுநீர்க் கழிவு இரண்டுக்கும் ஒரே துவாரம். முட்டையும் அதன் வழியேதான் வரும். நீரை வீணாக்காமல் இருக்க, நைட்ரஜன் கழிவை அது யூரிக் அமிலமாக்கி ஏறக்குறையத் திடப்பொருளாக வெளியேற்றுகிறது. நம் வீட்டுச் சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தின் நுனியில் உள்ள வெள்ளையும் இதே பொருள்தான். ஆகவே கரும்பழுப்பு மலத்தோடு சுண்ணாம்பு நிறக் கட்டி ஒன்று வந்தால் அது நோயல்ல. அந்த வெள்ளைப் பகுதி மட்டும் தனியாக வருவதும் உண்டு. அது மணல்போல் இறுகி வந்தால் குட்டிக்கு நீர் போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

எத்தனை நாளில் கழிவு போக வேண்டும்? எல்லா இனத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை பிங்கி எனப்படும் முடி முளைக்காத எலிக்குஞ்சை உண்ணும் கார்ன் ஸ்நேக் குட்டி, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாளில் கழித்துவிடும். பிங்கியில் முடி இல்லாததால் கழிவும் மிகச் சிறிதாக இருக்கும். தரையில் போட்ட மரத்தூளுக்குள் கண்ணில் படாமலே போகலாம். பால் பைத்தானோ இரண்டு மூன்று இரைகளின் கழிவைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் வெளியேற்றலாம். தோல் உரிக்கும் காலம் நெருங்கினால், உரித்து முடிக்கும்வரை நிறுத்திவைக்கவும் கூடும்.

வேறு இனங்களில் இதைவிட நீண்ட காத்திருப்பும் உண்டு. ஹார்வி லில்லிவைட் குழுவினர் ஆராய்ந்த கபூன் விரியன் ஒன்று 420 நாள் வரை கழிவை உள்ளே வைத்திருந்தது. தரையில் பதுங்கி இரை பிடிக்கும் கனத்த பாம்புக்கு, உடலின் பின்பகுதியில் தேங்கும் அந்த எடை, பாய்ந்து கடிக்கும்போது ஊன்றுகோலாக உதவலாம் என்பது அவர்கள் கருத்து. மரமேறும் ஒல்லிப் பாம்புகள் அதிக நாள் தேக்குவதில்லை. ஆகவே நாட்களை மட்டும் எண்ணாமல், இனத்தையும், இதுவரை தந்த இரையையும், தோலுரிப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தாமதத்தைக் கண்டு வயிற்றை அழுத்திப் பிதுக்குவதோ, எண்ணெயோ பேதி மருந்தோ புகட்டுவதோ கூடாது. இரை கொடுத்த பின் இரண்டு நாளாவது குட்டியைக் கையில் எடுக்க வேண்டாம். உடலின் மிகப் பருத்த பகுதியைவிட மிகப் பெரிய இரையைத் தர வேண்டாம். கக்கிவிட்டால், பசிக்குமே என்று மறுநாளே ஊட்டாமல், பத்து நாளுக்குக் குறையாமல் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு சிறிய இரையிலிருந்து தொடங்குங்கள். குடிக்கச் சுத்தமான நீர் எப்போதும் இருக்கட்டும்.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது. துவாரத்துக்கு மேலே கெட்டியான வீக்கம், வெளியே தள்ளிய சதை, கழிவில் ரத்தம் அல்லது புழு, தொடர்ந்து நீர்த்துப் போவது, மீண்டும் மீண்டும் கக்குவது, எடை குறைவது ஆகியவை அவை. இவற்றில் எது தெரிந்தாலும் ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். புதிய கழிவை ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் சென்றால் பரிசோதனை எளிதாகும். ஆரோக்கியமான பாம்பின் கழிவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். எனவே பெட்டியைச் சுத்தம் செய்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் பெட்டியைக் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை விலக்கியே வையுங்கள்.

நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சாரையானாலும் மலைப்பாம்பானாலும் அவற்றின் இடம் காடும் வயலும்தான். வெளிநாட்டு இனங்களிலும், பால் பைத்தான் போல சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவற்றை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

சட்டப்படி வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறு நோட்டு ஒன்று போதும்: இரை கொடுத்த தேதி, இரையின் எடை, கழிவு போன தேதி, தோலுரித்த தேதி, பெட்டியின் வெப்பம். சில மாதங்களில் உங்கள் குட்டியின் வழக்கம் அதில் தெரிந்துவிடும். வயிற்று வலியை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஓர் உயிருக்கு எது இயல்பு, எது நோய் என்று பிரித்தறிய, மருத்துவருக்கும் உங்களுக்கும் அதைவிட நம்பகமான துணை இல்லை.