ஏரிக்குள் எதற்கய்யா உளவாளி?

சின்ன வயதில் லீவு விட்டால் போதும், அதே புத்தகத்தை மறுபடி எடுத்து உட்கார்ந்தவர்கள் உண்டு. அந்தப் புத்தகம் படமாக வந்தால் ஆசையோடுதான் பார்க்கப் போவார்கள். ஆர்தர் ரான்சம் 1930-ல் எழுதிய 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' 2016-ல் மறுபடி படமானபோதும் அப்படித்தான் போனார்கள். இயக்கம் பிலிப்பா லோதார்ப். ஏரியும் மலையும் அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் கதைக்குள் ரஷ்ய உளவாளிகள் வந்து நிற்கிறார்கள்! புத்தகத்தில் அந்த வாசனையே கிடையாது.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கோடை விடுமுறை. ஜான், சூசன், டிட்டி, ரோஜர் என்று நாலு பிள்ளைகள் பாய்மரப் படகில் ஒரு தீவுக்குப் போய்க் கூடாரம் போடுகிறார்கள். நான்சி, பெக்கி என்ற இரண்டு 'கடற்கொள்ளைக்காரிகள்' போருக்கு வருகிறார்கள். அவ்வளவுதான்.

இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று கேட்பவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். டிட்டி என்ற சிறுமி ராத்திரி தன்னந்தனியாக எதிரியின் படகைக் கைப்பற்றி, இருட்டில் ஏரியில் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். திருடர்கள் வரக்கூடும் என்று எச்சரிக்கை சொல்லப் படகுவீட்டுக்குப் போகிறான் ஜான். அங்கே இருக்கும் ஜிம் டர்னர் காது கொடுக்காமல் அவனைப் பொய்யன் என்கிறார். செய்யாத தப்புக்குப் பழி சுமப்பதைவிட ஒரு பையனுக்குப் பெரிய ஆபத்து உண்டா? பிறகு திருட்டும் நடக்கிறது. பெரியவர் தன் தப்பை உணர்ந்து சின்னவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். இதற்கு மேல் என்ன கிளைமாக்ஸ் வேண்டும்?

டிட்டியின் பெயரை 'டாட்டி' என்று மாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம். இன்றைய ஆங்கிலக் கொச்சையில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம். 1963-ல் பிபிசி தொடரில்கூட 'கிட்டி' என்று மாற்றினார்கள். பெயர் போனால் கதை போகாது. ஆனால் உளவாளி வந்தால் பிள்ளைகளின் விளையாட்டு வெறும் ஊறுகாய் ஆகிவிடுகிறது.

"ரான்சமே உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்தவர்தானே?" என்று ஒரு சப்பைக்கட்டு உண்டு. உண்மைதான். ரஷ்யப் புரட்சியை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் அவர். ட்ராட்ஸ்கியின் செயலாளராக இருந்த எவ்ஜீனியாவை 1924-ல் மணந்தவர். இப்படம் டர்னரை உளவாளியாக்கியதற்கும் அதுதான் சாக்கு. அந்த வாதம் அவர்களையே திருப்பி அடிக்கிறது. அசல் உளவுக் கதை கைவசம் இருந்தும், அதை ஒதுக்கிவிட்டு ஒரு ஏரியையும் இரண்டு படகுகளையும் எடுத்துக்கொண்டவர் ரான்சம். அவர் வேண்டாம் என்று விட்டதைத்தான் இவர்கள் பொறுக்கி எடுத்து உள்ளே திணித்திருக்கிறார்கள்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதெல்லாம் இல்லாமல் உட்கார மாட்டார்கள்" என்பது அடுத்த சாக்கு. 1974-ல் கிளாட் வாதம் எடுத்த படத்தில் உளவாளி இல்லை. பிள்ளைகள், படகு, தீவு, அவ்வளவே. அதை இன்றும் விரும்பிப் பார்க்கிறார்கள்.

புத்தகத்தில், தீவுக்குப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்டதற்குக் கடற்படையில் இருக்கும் அப்பா தந்தி அடிக்கிறார். போகட்டும், அவர்களுக்கு மூளை இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். பெற்ற அப்பாவுக்கு இருந்த அந்த நம்பிக்கை, படம் எடுத்தவர்களுக்கு இல்லை.