மலிவுதான் யோக்கியதையா?

சென்ற வாரம் ரெங்கம் ரயில் நிலையத்துக்குச் சமீபத்திலுள்ள கோப்பிக் கடையில், எங்கள் வட்டாரத்துப் பள்ளியொன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நெடுங்காலமாக உழைத்துவரும் தம்பி ஒருவர், அரசாங்க மானியத்தில் அப்பள்ளியில் எழும்பவிருக்கும் தடுப்புச் சுவருக்கும் வடிகாலுக்கும் வரைபடம் போட ஆலோசனைப் பொறியாளர் நியமிக்கப்பட்ட செய்தியை மிகுந்த சந்தோஷத்தோடு சொன்னார். "அண்ணே, மூணு பேர் கொட்டேஷன் கொடுத்தாங்க. இருக்கிறதிலேயே குறைஞ்ச விலைக்காரருக்குக் கொடுத்துட்டாங்க. இனிமே யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். சுவர் நிற்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

குறைந்த தொகை கேட்டவருக்கே வேலையைக் கொடுப்பதுதான் யோக்கியமான நிர்வாகத்தின் லட்சணம் என்னும் அபிப்பிராயம் நம் ஜனங்களின் மனத்தில் வேதவாக்கைப் போல ஊன்றிவிட்டது. சிமெந்து மூட்டைக்கும் ஒரு லோரிக் கருங்கல்லுக்கும் அந்த நியாயம் பொருந்தலாம். மூட்டையை நிறுத்துக்கொள்ளலாம், கல்லை அளந்துகொள்ளலாம். ஒரு பொறியாளருடைய சிந்தனையை எந்தத் தராசில் ஏற்றுவது? கட்டணத்தைக் குறைத்தவர் மண்ணைத் துளைத்துப் பார்க்கும் இடங்களைக் குறைப்பார். அடைமழை நாளில் நேரில் வந்து, தண்ணீர் எந்தப் பக்கமாகப் பாய்கிறதென்று பார்க்கமாட்டார். அனுபவஸ்தர் ஒருவர் பரிசோதிக்க வேண்டிய கணக்கை நேற்றுப் படிப்பு முடித்த பிள்ளையே போட்டு அனுப்பிவிடும். இவற்றில் ஒன்றுகூடக் கொட்டேஷன் தாளில் தெரிவதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த பெருவெள்ளத்தைக் கண்ட குளுவாங் மாவட்டத்து மக்களுக்கா வடிகால் கணக்கின் அருமையை நான் சொல்லவேண்டும்?

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது, நம் பிள்ளைகள் தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நடந்த கோரம். நிக்கோல் நெடுஞ்சாலையின் அருகே, சுரங்க ரயில் பாதைக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய பள்ளம், பக்கச் சுவர்களைத் தாங்கிநின்ற இரும்பு உத்தரங்கள் சாய்ந்துபோக, நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு இடிந்து விழுந்தது. நால்வர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் கிரேன் ஓட்டிய தமிழர். இன்னொருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவேயில்லை. 2005இல் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை பிரதானமாகச் சுட்டிய பிழைகள் இரண்டு: களிமண்ணின் வலுவை மிகையாக மதிப்பிட்ட கணக்கு, உத்தரமும் அது முட்டுக்கொடுக்கும் சட்டமும் சேருமிடத்தைப் பலவீனமாக வடிவமைத்த கணக்கு. வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே குத்தகைக்குள் அடங்கிய வேலை அது. மண் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க மேலும் சில வாரங்கள், இணைப்பைச் சரிபார்க்க மூத்தவர் ஒருவரின் கண். கோடிக்கணக்கான வெள்ளி புரளும் வேலையில் இவற்றுக்கான செலவு எம்மாத்திரம்? "அது சிங்கப்பூர் அண்ணே, நம்ம சுவர் பத்தடிதானே" என்றார் தம்பி. நிக்கோல் பள்ளத்தில் தவறியது கணக்கு. கணக்குப் பிழைக்குப் பத்தடி என்றும் நூறடி என்றும் பேதமில்லை. பத்தடிச் சுவரின் அடியில் ஓடி விளையாடப்போவது நம் குழந்தைகள்.

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் புரூக்ஸ் சட்டம், பொறியாளரையும் கட்டடக் கலைஞரையும் முதலில் தகுதியைக் கொண்டு தேர்ந்தெடுத்து, அதன் பின்னரே கட்டணம் பேசவேண்டுமென்று மத்திய அரசாங்கத்துக்கு விதித்துவிட்டது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், தரத்துக்கும் கட்டணத்துக்கும் சேர்த்து மதிப்பெண் இடும் முறைக்கு இடம் கொடுத்திருக்கின்றன. மலேசியாவில் நமக்கும் 1967ஆம் ஆண்டிலிருந்தே பொறியாளர் பதிவுச் சட்டம் உண்டு. அதன் கீழ் கட்டண விகிதங்களும் வகுக்கப்பட்டிருக்கின்றன. அப்படியிருந்தும் மேசையில் அமர்ந்திருப்பவர் ஆகச் சிறிய எண்ணையே பற்றிக்கொள்கிறார். ஏனெனில் தகுதியைத் தேர்ந்தெடுத்தவர் காரணம் எழுதவேண்டும், எழுதிய காரணத்துக்குத் தணிக்கைக்காரரிடம் பதில் சொல்லவேண்டும். சிறிய எண்ணைத் தேர்ந்தெடுத்தவரை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. இந்தப் பயத்துக்கு நாம் நேர்மை என்று பெயர் சூட்டியிருக்கிறோம்!

அறிவை மலிவாக வாங்கலாம் என்னும் இதே புத்திதான், 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நம் இளம் டாக்டர்களை நிரந்தர உத்தியோகமின்றி ஒப்பந்தத்தில் அமர்த்தியது. கொரோனா உச்சத்திலிருந்த 2021 ஜூலை 26ஆம் தேதி, அவர்கள் கறுப்புடை அணிந்து ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே வந்து நின்றபோது, கடனோடு கடன்பட்டுப் பிள்ளையை டாக்டராக்கிய தோட்டத்துத் தகப்பன்மார் என்ன பாடுபட்டிருப்பார்கள்! அந்த டாக்டர்கள் என்ன மூட்டைகளா, மலிவு பார்த்து இறக்குவதற்கு?

பேசி முடித்து எழுந்திருக்கும்போது தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: மண்ணைத் துளைத்துப் பார்த்த அறிக்கை எப்போது வரும்? அவர் சற்று யோசித்துவிட்டு, "அது இந்த விலையில சேராதாம் அண்ணே" என்றார்.