காற்று திருத்தும் விடைத்தாள்

நுழையும்முன்

பள்ளிக் கண்காட்சியில் மேசைமேல் நிற்கும் மாதிரி ஒருவகை. தரையைவிட்டு எழ வேண்டிய மாதிரி மற்றொருவகை. இரண்டையும் ஒரே அட்டையாலும் பசையாலும் செய்யலாம். ஆனால், செய்பவர் கற்றுக்கொள்வது ஒன்றன்று. போர்விமானம் ஒன்றின் பெரிய பறக்கும் மாதிரியை மாணவர் செய்வது பொழுதுபோக்கா, கல்வியா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

செஞ்சிக்குச் செல்வோர் ஊரை அடையும் முன்னரே குன்றுகளைக் கண்டுவிடுவர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றையும் நீண்ட மதில் ஒன்று சேர்த்துக் கட்டியிருக்கிறது. அவற்றுள் ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராத்தியர்தம் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

இக்குன்றுகளின் அடிவாரத்தில் மேல்நிலை முதலாம் ஆண்டு பயிலும் மாணவர் சிலர் ஒன்றுகூடி, தேஜஸ் போர்விமானத்தை நான்கில் ஒரு பங்கு அளவில் செய்து, ரேடியோ இயக்கத்தால் பறக்கவிட விரும்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ‘படிக்கிற காலத்தில் பொம்மை எதற்கு?’ என்று வீட்டில் கேட்பார்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று பள்ளியில் நினைவூட்டுவார்கள். இவ்விரு மறுப்புகளும் அக்கறையிலிருந்து பிறப்பவை. எள்ளி ஒதுக்கத்தக்கவை அல்ல. ஆயினும், அவர்கள் செய்ய முனைவது பொம்மைதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சுருங்காத காற்று

தேஜஸ் தமிழகத்திற்கு அயலானதன்று. அவ்விமானத்தைக் கொண்ட முதல் படைப்பிரிவு கோவையை அடுத்த சூலூரில் நிலைகொண்டது. அதன் நீளம் 13.2 மீட்டர், இறக்கையின் குறுக்களவு 8.2 மீட்டர். நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் நீளம் 3.3 மீட்டரும் இறக்கை ஏறத்தாழ 2 மீட்டரும் ஆகும். வகுப்பறைக் கதவு வழியாக அதை நேராக வெளியே எடுத்துவர முடியாது. இறக்கையைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்ய வேண்டும் என்பதே மாணவர் எடுக்கும் முதல் பொறியியல் முடிவாகிவிடும்.

கடினம் இதற்குப் பின்னரே தொடங்குகிறது. நீளம் நான்கில் ஒன்றாகும்போது பரப்பு பதினாறில் ஒன்றாகிறது. கனஅளவு அறுபத்து நான்கில் ஒன்றாகிறது. தேஜஸின் வெற்று எடை ஏறத்தாழ ஆறரை டன். அதே பொருளால் அதே அடர்த்தியில் செய்தால் மாதிரியின் எடை 100 கிலோவைத் தொடும். இந்தியாவின் ட்ரோன் விதிகள், 2021, கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் பறக்கவிடும் மாதிரிகளுக்கு வகுத்துள்ள எடை வரம்போ 25 கிலோ. ஆகவே, உருவத்தை நகலெடுக்கலாம். உள்ளமைப்பை நகலெடுக்க இயலாது. ஒவ்வொரு சட்டத்தையும் ஒவ்வொரு குறுக்குப் பலகையையும் ‘இது இல்லாவிட்டால் எது உடையும்?’ என்று கேட்டே வைக்க வேண்டும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் பரிமாணங்களைப் பற்றிய பாடத்தை மனப்பாடமாக எழுதும் மாணவர், அதன் பொருளை உணரும் இடம் இதுவே.

மாதிரியைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாது. பெரிய விமானத்தின் இறக்கைமேல் ஓடும் காற்றும் சிறிய மாதிரியின் இறக்கைமேல் ஓடும் காற்றும் ஒரே தன்மையன. ஆனால் இறக்கையின் அளவும் வேகமும் குறைவதால் சிறிய இறக்கைமேல் அது நடந்துகொள்ளும் விதம் மாறுகிறது. உண்மையான இறக்கையின் வடிவத்தை அப்படியே வரைந்து செய்த மாதிரி, மெதுவாகத் தரையிறங்க முயலும்போது எதிர்பாராமல் குப்புறச் சாய்வதற்கு இது ஒரு காரணம். மாதிரி செய்வோர் இறக்கையின் முன்விளிம்பைச் சற்றுத் தடிமனாக உருட்டி வைப்பது இதனால்தான். படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடுபவர் அதைப் பிழை என்பார். காற்று அதைச் சரி என்னும்.

ஈர்ப்பு மையத்தின் கதை இதனினும் சுவையானது. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸ், வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்ட விமானம். விரைந்து திரும்பும் திறனுக்காக அவ்வாறு செய்தனர். அதைக் கணிப்பொறிதான் நொடிதோறும் பலமுறை திருத்தி நேராக வைத்திருக்கிறது. மாணவர் செய்யும் மாதிரியில் அத்தகைய கணிப்பொறி இராது. எனவே அவர்கள் ஈர்ப்பு மையத்தை முன்னே நகர்த்தி, மின்கலத்தை மூக்குப்பகுதியில் வைத்து, போதாவிட்டால் ஈயத்துண்டும் சேர்த்து, மாதிரியை நிலையுடையதாக்க வேண்டும். வால்பகுதியில் தேவைக்குமேல் பூசிய பசைக்கும் வண்ணத்துக்கும் மூக்கில் ஈயம் வைத்தே கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும். அளவுமாதிரி என்பது மூலத்தைப் போன்றதே என்று எண்ணித் தொடங்குபவர், முதன்மையான ஒரு பண்பில் மூலத்துக்கு நேர்மாறாகச் செய்தால்தான் அது பறக்கும் என்பதைக் கண்டுகொள்கிறார். இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டி எவரும் நம்பவைக்க முடியாது.

விழுந்தவரும் எழுந்தவரும்

மாதிரி பறந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? அமெரிக்க அறிஞர் சாமுவேல் லாங்லி 1896இல் நீராவி எஞ்சின் பொருத்திய ஆளில்லா மாதிரி ஒன்றைப் போடோமாக் ஆற்றின்மேல் ஏறத்தாழ 3,300 அடி தொலைவு பறக்கவிட்டார். 1903இல் தம் பெரிய விமானத்தின் நான்கில் ஒரு பங்கு மாதிரியையும் பறக்கவிட்டார். அதன்பின் மனிதரைச் சுமந்த முழு விமானம் அதே ஆண்டு அக்டோபரிலும் டிசம்பர் 8ஆம் நாளிலும் ஆற்றில் விழுந்தது. சிறியதற்குப் போதுமான வலிமை, பெரியதாக்கியபோது போதவில்லை என்பது பின்வந்தோர் பலரின் கருத்து. ஒன்பது நாள்கள் கழித்து ரைட் சகோதரர்கள் பறந்தனர். அவர்களும் மாதிரிகளை நம்பியவர்களே. 1901இல் சிறு காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். ஒருவர் மாதிரியிடம் ‘பறப்பாயா?’ என்று கேட்டார். மற்றவர்கள் ‘ஏன் பறக்கிறாய்?’ என்று கேட்டனர். பள்ளியில் கற்பிக்கத்தக்கது இரண்டாவது வினா.

அவ்வினாவை நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் இன்றும் மாதிரிகளிடமே கேட்கின்றன. எஃப்-15 போர்விமானம் கட்டுப்பாடிழந்து சுழலும்போது என்ன நேரும் என்பதை அறிய, நாசா 1973 முதல் எட்டில் மூன்று பங்கு அளவுள்ள ஆளில்லா மாதிரிகளைப் பெரிய விமானத்திலிருந்து கீழே விடுத்துத் தரையிலிருந்து இயக்கியது. விமானியின் உயிரைப் பணயம் வைக்காமல் கற்பதற்கு அது வழியானது. நம் நாட்டில் ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் மாருத் போர்விமானம் உருவானபோது, முதலில் அதே வடிவில் மரத்தாலான, எஞ்சினற்ற முழு அளவு மிதவை விமானம் ஒன்றைச் செய்து பறக்கவிட்டுப் பார்த்தனர். மாருத் 1961 ஜூனில் பறந்தது. அண்மையில், 2022 ஜூலை 1 அன்று, வருங்கால ஆளில்லாப் போர்விமானங்களுக்கான தொழில்நுட்பங்களை மெய்ப்பிக்கும் பொருட்டு, வாலற்ற சிறு விமானம் ஒன்றை இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு பறக்கவிட்டது. புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை அது தானே இயங்கியது. அது பறந்த இடம் கர்நாடகத்தின் சித்திரதுர்க்கம். செஞ்சியைப் போலவே பாறைக்குன்றுகளின்மேல் எழுந்த கோட்டையால் பெயர்பெற்ற ஊர்.

யாருடைய மாதிரி?

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு ஜெட் எஞ்சின் ஒன்றின் விலை சிறு விவசாயக் குடும்பத்தின் எட்டாக் கனவு. தென் அமெரிக்காவிலிருந்து வரும் பால்சா மரமும் மலிவன்று. இந்நிலையில் தனியொரு மாணவர் பெரிய மாதிரி செய்யட்டும் என்று விட்டுவிட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கடையில் வாங்கிய பாகங்களைப் பூட்டிப் பரிசு பெறுவார், மற்றவர் கைதட்டுவர். அது நிகழ்வதைவிட மாதிரியே செய்யாதிருப்பது நன்று.

மாதிரி பள்ளியினுடையதாக இருக்க வேண்டும்; இருபது பேர் ஓராண்டு செய்வதாக இருக்க வேண்டும். தெர்மாகோல் பலகையைச் சூடேறிய நிக்ரோம் கம்பியால் அறுத்து இறக்கை வடிக்கலாம். மெல்லிய ஒட்டுப்பலகையால் சட்டங்கள் செய்யலாம். உள்ளூர்த் தச்சரிடம் மரத்தின் நாரோட்டத்தைக் கேட்டறியலாம். ஜெட் எஞ்சினுக்கு மாற்றாகக் குழாய்க்குள் சுழலும் மின்விசிறியை வைக்கலாம். முதலாண்டு ஒரு மீட்டர் மாதிரி. அது விழுந்து எழுந்தபின் பெரியது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி நெடுங்காலமாக உண்டு. அவர்களுடைய பட்டறிவைப் பிற மாணவரும் பெறுவதில் தடை என்ன இருக்க முடியும்?

இத்தகைய உழைப்பு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்குக் குரோம்பேட்டை சான்று. சி. ராஜம் 1949இல் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் பயின்றபோது, தாழப் பறந்து தாக்கும் போர்விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அப்துல் கலாமுக்கும் உடன் பயின்ற நால்வருக்கும் தரப்பட்டது. அதே வளாகத்தின் ‘தக்ஷா’ மாணவர் குழு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. தொலைவிடம் ஒன்றிலிருந்து குருதி மாதிரியை எடுத்துவருவதே போட்டி. மாதிரி விமானங்களில் தேர்ந்த நடிகர் அஜித்குமார் அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அச்செய்தியில் பலர் நடிகரின் பெயரை நினைவில் வைத்தனர். குருதிக் குப்பியை மறந்தனர்.

போரும் மாதிரியும்

கொல்லும் கருவியின் உருவை இளையோர் கையில் ஏன் தர வேண்டும் என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. செஞ்சியில் வாழ்வோர் அதற்கு விடை தேடித் தொலைவு போக வேண்டுவதில்லை. 1677இல் சிவாஜி கைப்பற்றி வலுப்படுத்திய கோட்டை அது. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அதை முற்றுகையிட்டது. எட்டாண்டுகள் தாங்கியதற்கு மதிலின் உயரம் மட்டும் காரணமன்று. குன்றின்மேல் நீர் தேங்க வழி செய்திருந்தனர், தானியத்துக்குக் களஞ்சியம் கட்டியிருந்தனர். ராஜகிரியின் உச்சிக்கு முன்னுள்ள இயற்கைப் பிளவைக் கடக்க ஒரு பாலமே வழி. இன்று அங்கே ஏறும் மாணவர் எவரும் போரை விரும்பி ஏறுவதில்லை. நீர் எவ்வாறு மேலே நின்றது, அப்பிளவை எவ்வாறு பயன்படுத்தினர் என்றே வியக்கின்றனர். போர்விமானத்தையும் அக்கண்ணால் பார்க்க முடியும். குறைந்த எடையில் மிகுந்த வலிமையைத் தேடிய மனித அறிவு அதில் செறிந்திருக்கிறது.

ஆனாலும் ஒன்றை வற்புறுத்தலாம். அளவுமாதிரிகளின் இறக்கைக்கடியில் ஏவுகணைப் பொம்மைகளைத் தொங்கவிடுவது வழக்கம். அவை எடையைக் கூட்டுகின்றன, காற்றுத்தடையைக் கூட்டுகின்றன, பறப்பதற்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. பள்ளி மாதிரியில் அவற்றை விட்டுவிடலாம். மூல விமானம் அவ்விடத்தில் எதைச் சுமக்கிறது, அது விழும் இடத்தில் என்ன ஆகும் என்பதை மாணவர் அறிந்திருக்கட்டும். அதைத் தெர்மாகோலில் செய்து வண்ணம் தீட்ட வேண்டியதில்லை.

பறக்கும் நாள்

எங்கே பறக்கவிடுவது? கோட்டைக்கு அருகில் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். மக்கள் ஏறி இறங்கும் இடம். மேலும், குன்றின்மேல் மோதும் காற்று மறுபக்கம் சுருண்டு கீழிறங்கும்; அச்சுழலில் சிக்கும் மாதிரியை எந்தக் கையும் மீட்காது. கோடையில் வற்றிய ஏரியொன்றின் நடுப்பகுதி, குன்றுகளிலிருந்து தொலைவாக, ஊராட்சியின் ஒப்புதலோடு கிடைக்குமானால் நன்று. அப்பகுதி ட்ரோன் விதிகளின் பச்சை மண்டலத்தில் உள்ளதா என்பதை வரைபடத்தில் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மண்டலத்திலும் 400 அடிக்குமேல் எழக் கூடாது. ராஜகிரியின் பாதி உயரம் என்று மாணவர் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

விடியற்காலையில், காற்று எழுமுன், ஊர்க் கால்நடைகள் மேய வருமுன், மாதிரி ஓடத் தொடங்கும். முதல்முறை எழாமற் போகலாம், எழுந்து விழலாம். ஓராண்டு உழைப்பு சில நொடிகளில் நொறுங்கும்போது இருபது பேரும் வாயடைத்து நிற்பர். செய்முறைத் தேர்வின் பதிவேட்டில் இதற்கு இன்று இடமில்லை. சரியான விடை வந்த சோதனைக்கே அங்கு மதிப்பெண். ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். எந்தச் சட்டம் முதலில் முறிந்தது, ஈர்ப்பு மையம் எத்தனை மில்லிமீட்டர் பின்னே இருந்தது, அன்று காற்று எத்திசையில் வீசியது, யார் எதைக் கவனிக்கத் தவறினர் என்று அப்பக்கத்தில் அவர்களே எழுதிக் கையொப்பமிட வேண்டும். பிறகு உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டிப் பள்ளிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் எடைபோட்டு, அடுத்த இறக்கையை வரையத் தொடங்க வேண்டும்.