பெட்டகத்துத் தங்கமும் மாதச் செலவும்

ஓய்வு பெறும் நாளில் நம்மில் பலரிடம் இருவகைச் செல்வம் இருக்கிறது. ஒன்று, ஓய்வூதியக் கணக்கில் சேர்ந்த தொகை. மற்றொன்று, பெட்டகத்தில் உறங்கும் தங்கம். தம்பானூரில் எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் பலரும் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்கின்றனர். இவற்றைத் தனித்தனியே எண்ண வேண்டும் என்பதே என் கருத்து. தங்கம் சேமிப்புதான், ஆனால் அது வட்டி தராது. மின்கட்டணம் செலுத்த வளையலில் ஒரு துண்டை வெட்டிக் கொடுக்கவும் இயலாது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. அங்கு 73 வயதானவர் தம் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகையை எடுத்தே ஆக வேண்டும். தவறினால், எடுக்காத தொகையில் 25 விழுக்காடு வரை தண்டம். அக்கணக்கில் தங்கக் கட்டிகளை மட்டுமே வைத்திருப்பவர், விலை இறங்கிய ஆண்டிலும் அவற்றை விற்க வேண்டும். அல்லது தங்கமாகவே பெற்று அதன் மதிப்புக்கு வரி செலுத்த வேண்டும்.

நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே ஒழுங்கை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்து தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்போர், ஓய்வின்போது 60 விழுக்காடு வரை கையில் பெறலாம்; எஞ்சியது மாத ஓய்வூதியத்திற்குச் செல்லும். அந்த 60 விழுக்காட்டையும் ஒரே நாளில் எடுக்காமல், மாதம், காலாண்டு எனத் தவணைகளில் பெறும் வசதி 2023 முதல் உள்ளது. முழுத் தொகையையும் எடுத்துத் தங்கம் வாங்குவது, ஓடும் வாய்க்காலை அடைப்பதற்கு ஒப்பாகும்.

தங்கத்தின் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அண்மை வரலாறே மறுமொழி. 2011 செப்டம்பரில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,900 டாலரை எட்டிய தங்கம், 2015 டிசம்பரில் ஏறத்தாழ 1,050 டாலருக்கு இறங்கியது. பழைய உச்சத்தைத் தாண்ட 2020 ஆயிற்று. ரூபாயின் மதிப்பு குறைந்ததால் இங்கு அவ்வீழ்ச்சி ஓரளவு தணிந்தது. எனினும், மருத்துவச் செலவு விலை ஏறும்வரை காத்திருப்பதில்லை.

‘அவசரமானால் அடகு வைக்கலாமே’ என்பர். நகைக்கு அது பொருந்தும். தங்கக் கட்டியின் பேரில் வங்கிகள் கடன் தருவதில்லை. ரிசர்வ் வங்கியின் விதி அதற்கு இடம் தராது. மேலும், அடகு என்பது வருமானமன்று. வட்டியோடு திருப்ப வேண்டிய கடன்.

ஆதலால் சில யோசனைகள். மாதச் செலவில் ஓய்வூதியமும் வட்டியும் போக எவ்வளவு குறைகிறது என்று முதலில் கணக்கிடுங்கள். மாதம் 10,000 ரூபாய் குறையுமானால், மூன்றாண்டுக்கு 3,60,000 ரூபாய். அதை வைப்புத்தொகையாக ஒதுக்கிவிட்டால், விலை இறங்கிய காலத்தில் தங்கத்தை விற்க நேராது. 60 வயது கடந்தோர் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை இடலாம். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி வரும்.

அடுத்து, குடும்பத்திற்கென வைக்கும் நகை எது, தேவைக்கு விற்கக்கூடிய தங்கம் எது எனப் பிரித்து எழுதுங்கள். வாங்கிய ரசீதுகளைப் பேணுங்கள். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், இலாபத்தில் 12.5 விழுக்காடு வரி. மரபுரிமையாய் வந்த நகைக்கு, முன்னோர் வாங்கிய விலையே கணக்கில் கொள்ளப்படும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாயின், அந்நாளின் சந்தை மதிப்பைக் கொள்ளலாம்.

இவ்விவரங்களைத் துணைவருக்கும் தெரிவித்து, பெட்டகத்திற்கு நியமனதாரரையும் பதிவு செய்யுங்கள். தங்கம் கடைசிக் காவலாக நிற்கட்டும். அன்றாடச் சுமையை ஓய்வூதியமும் வட்டியும் தாங்கட்டும்.