அம்மம்மாவுக்கு இருபது நிமிடம்
அம்மம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். "நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது" என்பதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவரவே பாதி நேரம் போய்விடும். அரசின் இலவசத் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. அதற்கும் நேரம் வேண்டுமே!

அவுஸ்திரேலியாவின் மெடிகெயர் பட்டியலில் சாதாரண டொக்டர் சந்திப்பின் இலக்கம் 23. ஆறு நிமிடம் எடுத்தாலும் பத்தொன்பது நிமிடம் எடுத்தாலும் அரசு தருவது ஒரே தொகை. இருபதைத் தொட்டால் இலக்கம் 36, தொகை கூடும். ஆனால் நிமிடக் கணக்குப் போட்டால், ஆட்களைக் கெதியாக அனுப்புகிறவருக்கே லாபம்.

2015இல் இந்தப் பட்டியலின் 5,700க்கும் மேற்பட்ட இலக்கங்களை மீளாய்வு செய்யத் தொடங்கினார்கள். பொதுமக்களிடமும் கருத்துக் கேட்டார்கள். நான் ஒரு வரிகூட எழுதவில்லை. டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அவர்கள் தங்கள் பக்கத்தைச் சொல்வார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்து மொழிபெயர்க்கிற பேரப்பிள்ளையின் பக்கத்தை யார் சொல்வது?

அடுத்த முறை கேட்கும்போது நீங்கள் எழுதுங்கள். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. மொழிபெயர்ப்புக்குப் போகும் நேரத்துக்கும் காசு ஒதுக்கச் சொல்லுங்கள். கடைசியாகப் போனபோது நேரமில்லாமல் எந்தக் கேள்வியைக் கேட்காமல் வந்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.